தெரியாது என்று சொல்லக் கூடாது

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்தே புழுக்கம். தரமணி ஆபீஸுக்கு லீவு. அப்பாவோடு, தம்பியை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லம். தம்பிக்கு இரண்டு சட்டை, சீப்பு, முறுக்கு (முறுக்கை உள்ளே விடவில்லை).

தெருச் சண்டை. குத்தியவன் வேறொருவன். குத்துப்பட்ட பையனைத் தம்பி பிடித்துக்கொண்டான் என்று கேஸ். அந்தப் பையன் செத்துப் போனான். அவனுடைய அம்மாவை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. தம்பிக்குப் பதினேழு நடக்கிறது. சிறுவனாக விசாரிப்பதா, பெரியவனாகவா? வியாழன் அவனோடு பேசிப் பார்த்துவிட்டு சிறார் நீதி போர்டு முடிவு செய்யும். மனநல டாக்டரும் இருப்பாராம்.

அப்பாவுக்கு அது இன்டர்வியூ. மயிலாப்பூரில் பேங்க் இன்டர்வியூவுக்குப் பையன்களைத் தயார் செய்கிறவர் ஆயிற்றே. "நிமிர்ந்து உக்காரு. கண்ணப் பார்த்துப் பேசு. தெரியாதுன்னு மட்டும் சொல்லாதே." அங்கேயே பாடம், ஒத்திகை எல்லாம். தம்பி தலையாட்டினான். என்னிடம் கேட்டது ஒன்றுதான்: மீனுக்குத் தீனி போடுகிறேனா என்று.

10, வியாழன்
வெளியே பெஞ்சில் நானும் அப்பாவும். தம்பி சிரித்துக்கொண்டே வந்தான். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டானாம். அப்பா முதுகில் தட்டிக்கொடுத்தார். திரும்பும்போது லஸ் கார்னரில் காபி, அப்பா செலவு. வக்கீல் முகம் மட்டும் சரியில்லை.

24, வியாழன்
இருட்டிக்கொண்டு வந்தது. மழை இல்லை. ஆர்டர் வந்துவிட்டது. பெரியவனாக வைத்துத்தான் விசாரணை. வக்கீல் படித்துக் காட்டினார்: பதற்றமின்றிப் பேசுகிறான், செயலின் விளைவு தெரிந்தவன். வயிற்றில் குத்தினால் என்ன ஆகும் என்று கேட்டார்களாம். ரத்தம் வெளியேறி உயிர் போகும் மேடம் என்றிருக்கிறான். பயாலஜி டியூஷன்!

"பயத்துல திக்கியிருந்தாகூட சின்னப் பையன்னு எழுதியிருப்பாங்க சார்" என்றார் வக்கீல்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு. அப்பா மேல் அவ்வளவு ஆத்திரம். அம்மா படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பால் பொங்கி வழிந்தது. நான்தான் துடைத்தேன்.

25, வெள்ளி
லீவு கிடைக்கவில்லை. வேலை ஓடவில்லை. சாயங்காலம் வக்கீல் போன். கேஸ் போகிற கோர்ட்டிலும், பெரியவனாகத்தான் விசாரிக்கணுமா என்று மறுபடி பார்ப்பார்களாம். அங்கேயும் தம்பியைப் பேச வைப்பார்கள் போல.

நேற்றிலிருந்து சாப்பிடாத அப்பா தட்டு கேட்டார். இந்தத் தடவை இன்னும் நன்றாகத் தயார் பண்ணிவிடலாம் என்றார்.

ஞாயிறு தம்பியைப் பார்க்க நான் மட்டும் போகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார்.

"நீங்க வந்தா அவன் மறுபடியும் பாஸாயிடுவான்ப்பா."