மருத்துவச்சி வேம்பியின் ஈரக் கண்

மலைமகள் அருளால் மழை தவறாதிருக்க, விளக்கு அணையாதிருக்க. வெண்கோட்டு நாடாளும் அரசி சுடர்நங்கையாகிய நாம், கீழைக்கோட்டைத் தலைவர் எயினனார்க்கு விடுத்த ஓலை. உம் கோட்டையும் குடிகளும் நலமுறுக.

பிள்ளையை முதலில் ஏந்திய மருத்துவச்சியே அதன் காதில் முதலில் பெயர் சொல்ல வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கம். நம் மகனை ஏந்தியவள் உம் ஊர் வேம்பி. பெயர்சூட்டு விழாவுக்கு அவளை அழைத்தோம். நோயுற்றாள் என்று மறுமொழி விடுத்தீர். நாம் அனுப்பிய வைத்தியர் திருநாகனார் அங்கு கண்டதை வந்து உரைத்தார்.

அவளுடைய இடக்கண் ஓயாமல் வடிந்ததாம். அழுத கண்ணோடு இளவரசன் முன் போவது தீக்குறி என்றீராம். "அழலீங்க ஐயா, அது தானா வடியுது" என்று அவள் சொல்லியும், அழுகை நிற்கும்வரை ஆட்டுக்கொட்டிலில் கிடக்கச் செய்து, கண் உலர உப்புத்துணி கட்டினீராம். "ஊத்துக்கண்ணி, இன்னிக்குக் குளம் நெறஞ்சுதா?" என்று காவலர் கேட்டுச் சிரித்தனராம். வைத்தியர் துணியை அவிழ்த்தபோது மூக்கோரம் வீங்கிச் சீழ் ஒழுகியது, ஈ மொய்த்தது, உம் ஆட்கள் மூக்கைப் பொத்தி விலகி நின்றனர்.

சீழ் நமக்கு அருவருப்பன்று. இறைவன் தந்த உடலில் அதுவும் உண்டாகும். பொத்திய கைகளே அருவருப்பு. அவ்வாட்களில் சிலரைத் தாய்வயிற்றிலிருந்து எடுத்தவள் அவளே. அன்று அவர்கள்மேல் இருந்த குருதியையும் மலத்தையும் துடைக்க அவள் மூக்கைப் பொத்தவில்லை.

கேளும். கண்ணில் ஊறும் நீர் மூக்கினுள் இறங்க நுண்ணிய வழி ஒன்று உண்டு. வயது ஏறியவர்க்கு அது அடைபடுவதுண்டு. அடைபட்டால் நீர் கன்னத்தில் வழியும். தேங்கினால் சீழ் பிடிக்கும். இதில் துயரமும் இல்லை, தீக்குறியும் இல்லை. சீழ் வற்ற வைத்தியர் மருந்து தந்திருக்கிறார். வற்றியபின் மூக்கருகே புதுவழி திறப்பார். அதுவரை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த தூய துணியை, சூடு பொறுக்கும் பதத்தில், மூடிய கண்ணோரம் காலையும் மாலையும் ஒற்றி எடுக்க வேண்டும். அழுத்தலாகாது.

அதை உம் கையாலேயே செய்க, ஏவலரிடம் விடாதீர். அவளை உம் இல்லத்தில், காற்று வரும் அறையில் படுக்கச் செய்க. உம்மைச் சிறையிடச் சொன்னவர் உண்டு. நாமோ அந்த இளஞ்சூட்டுத் துணியை நம்புகிறோம். அது அவளைத் தேற்றும், உம்மையும் திருத்தும்.

தேறியதும் பல்லக்கில் அழைத்து வருக. அப்போதும் கண் வடிந்தால் வடியட்டும். துணியோடு நீரே அவளருகில் நிற்பீர். அவள் வரும்வரை நம் மகனை எவரும் பெயர் சொல்லி அழையார்; பெற்ற நாமும் அழையோம்.

இது நம் ஆணை, மலைமகள் சான்று. நம் பெயரருகே இளவரசன் பெயர் பொறிக்கும் இடத்தை வெறுமையாக விட்டு, வேங்கைப்பூ முத்திரை இட்டோம்.