வாசிக்காமல் வைத்த கையெழுத்து

என் தர்சி,

கோபப்படாமல் கேள். பாடசாலையிலிருந்து வரும் டேனிஷ் கடிதங்களை எல்லாம் நீதான் வாசிப்பாய். நீ காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். அந்தப் பழக்கத்தில் போன மாதம் ஒரு பிழை செய்துவிட்டேன்.

எங்கள் ஆரணியின் வகுப்பில் ரீச்சர் ஒரு படப்புத்தகம் வாசித்தார். இரண்டு அப்பாக்களோடு வளரும் பிள்ளையின் கதை. இந்தப் பிராண்டே ஊரில் எங்கள் தமிழ் ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை, சில டேனிஷ் பெற்றோருக்கும்தான். புத்தகத்தை நிறுத்தச் சொல்லும் கடிதம் என்று பக்கத்துவீட்டுச் சாந்தி அக்கா கொண்டுவந்து நீட்டினார். ஏழு வயதில் அந்தக் கதை வேண்டுமா என்பதில் எனக்கும் தெளிவில்லை, உண்மையைச் சொல்கிறேன். வேலைக்கு ஓடும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டேன். நீ கண்மூடியதிலிருந்து பின்னேரங்களில் பிள்ளையைக் கூட்டிவந்து சோறு கொடுப்பது அக்காதானே?

செவ்வாய்க்கிழமை பெற்றோர் கூட்டம். அக்காவின் காரிலேயே போனேன். ரீச்சர் கடிதத்தை வாசித்தார். அது புத்தகத்தோடு நிற்கவில்லை. பிள்ளைகள் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி விளையாடுவார்களே, "அப்படியான வீடுகளுக்கு" இனி அனுப்பமாட்டோமாம். வகுப்பில் அப்படியான வீடு ஒன்றுதான், பிறேயாவின் வீடு. அவளுடைய இரண்டு அம்மாமாரும் எனக்கு எதிரில் இருந்தார்கள்.

முதல்முறை ஆரணியை அங்கே அனுப்ப நீயும் யோசித்தாய், நினைவிருக்கிறதா? பிறகு நீ ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பிள்ளை அங்கேதான் நித்திரை கொண்டாள். அவளுக்குத் தலைபின்னிவிடப் பழகிக்கொண்டவர் பிறேயாவின் அம்மா மெற்றா. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

எழும்பினேன். வாசிக்காமல் போட்டுவிட்டேன், என் பெயரை வெட்டுங்கள் என்று அரைகுறை டேனிஷில் சொன்னேன். மெற்றா தலையைக் குனிந்துகொண்டார். மன்னித்தாரா? தெரியவில்லை.

திரும்பும்போதும் அக்காவின் கார்தான். இனிப் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்ற யோசனையிலேயே வீடு வந்தது. அக்கா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"நாளைக்கும் நான்தான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவன். உன்னோட மட்டும் கதைக்க மாட்டன்."

சொன்னபடியே செய்கிறார். ஆரணியை வாசலில் விட்டதும் போய்விடுகிறார்.

நேற்று ஆரணி டேனிஷில் கேட்டாள், பிறேயா வீட்டுக்கு நான் போகக்கூடாது என்று நீங்கள் எழுதினீர்களா என்று. இல்லை என்று சொல்லத்தான் வாய் உன்னியது.

"ஓம் குஞ்சு. எழுதிப்போட்டன். பிறகு வெட்டச் சொன்னன்."

ஏன் எழுதினீர்கள் என்றாள். வாசிக்கவில்லை என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு எவ்வளவு வசதியான பதில்!

உன்னிடம் ஒளிக்க முடியாது, தர்சி. வாசித்திருந்தாலும் போட்டிருப்பேன். அக்கா கைவிட்டுவிடுவாரோ என்ற பயம் எனக்கு. ஆரணிக்கும் மெற்றாவுக்கும் இதை நானே சொல்வேன், இந்தக் கிழமைக்குள். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் சுதன்,
ஆரணியின் அப்பா