ஒரு பக்க முகம்

அன்பு மனைவிக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முட்டுவலி குறைஞ்சுதா?

ஃபேஸ்புக்ல நம்மள மாதிரி வெளிநாட்டு வேலையால பிரிஞ்சிருக்கிற குடும்பங்கள் பேசிக்கிற குழுவுல, பேர் போடாம ஒருத்தி எழுதியிருந்தா: "ஒரு மாசமா என் வீட்டுக்காரர் வீடியோவுல இடது பக்க முகத்தை மட்டும் காட்டுறார். கேட்டா கேமரா கோளாறுங்கிறார். என்னவா இருக்கும்?"

வேலைவெட்டி இல்லாத நாற்பது பேர், வேற பொம்பளைதான்னு தீர்ப்பே எழுதிட்டாங்க. ஒருத்தன் மட்டும், "நம்பும்மா, நல்ல மனுஷனாத்தான் இருப்பார்"னு எழுதினான்.

அது நான்தான். என் பொய்யை எனக்குத் தெரியாதா?

பொம்பளையெல்லாம் இல்லடி. பட்டறையில இரும்பு அறுக்கும்போது தூள் தெறிச்சிடுச்சு. வலது கண்ணு இனிமே தெரியாதாம்.

அலமாரியில இருக்கிற என் கருப்புக் கண்ணாடியை யார்கிட்டயாவது கொடுத்தனுப்பு. வேலைக்கு வண்டி வந்துடுச்சு.

பாப்பா கேட்டா, கேமரா கோளாறுன்னே சொல்லு.