எருமையைக் கீழே போட்டுவிட்டேன், அக்கா

என் ஒரே அக்கா, எருமைக்காரி ரேவதிக்கு,

முதலில் செய்தி, பிறகு நலம் விசாரிப்பு. உன் வண்டியைக் கீழே போட்டுவிட்டேன். ஒரு தடவை இல்லை. எத்தனை தடவை என்பது கடிதம் முடிவதற்குள் தெரிந்துவிடும், இப்போதே கத்தாதே. கத்தினாலும் எனக்குக் கேட்காது. இந்த ஏற்பாட்டில் எனக்கு இருக்கிற ஒரே வசதி அதுதான்.

இப்போது நலம் விசாரிப்பு. அங்கே ரோடு எப்படி? ஆண்டர்சன்பேட்டை ரோட்டைவிட மோசமாக இருக்க வாய்ப்பே இல்லை. பெட்ரோல் யார் போடுகிறார்கள்? பின்னால் யார் உட்கார்ந்து வருகிறார்கள்? என்னைவிட நன்றாகத் தொல்லை கொடுக்கிற ஆள் கிடைத்துவிட்டதா?

நீ போனதும் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். வண்டிமேல் உட்கார்ந்து பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாயே, அந்தப் படத்தைத்தான் கொடுத்தேன். அம்மா வண்டியை வெட்டச் சொல்லிவிட்டாள். கடைக்காரர் வெட்டியும் ஓரத்தில் ஒரு கண்ணாடி மட்டும் தப்பிவிட்டது, உன் தோளில் காது முளைத்த மாதிரி. மழையில் போஸ்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்தது. கடைசிவரை சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது அந்தக் காதுதான்.

வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை அக்கா. உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. நின்றால் நடக்கச் சொல்கிறது. நடந்தால் நம் சுரங்கத்து லைன் வீடுகளின் கடைசிச் சுவர் வந்துவிடுகிறது. திரும்பி வந்தால் வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு எருமை. அதுவும் என்னைப் போலத்தான், ஊர் சுற்றப் பிறந்துவிட்டு வாசலில் நின்றது.

அம்மா அதைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஏன் என்று உனக்குத் தெரியும். தினமும் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பெங்களூரில் வேலை பார்த்து, சேர்த்துச் சேர்த்து, யாரோ ஓட்டிய அந்தப் பெரிய டூரிங் வண்டியை நீ வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்று அம்மா என்ன சொன்னாள்?

"இன்னாடி இது, எருமை மாட்ட இட்டுனு வந்துகீற? எமன் ஏறுற வண்டிடி இது!"

எல்லோரும் சிரித்தோம். நீதான் அதிகம் சிரித்தாய். அன்றே அதற்கு எருமை என்று பெயர் வைத்தாய். பிறகு உன்னைக் கொண்டுபோனது வண்டி இல்லை, ஒரு காய்ச்சல். டாக்டர் சொன்னார், அப்பா சொன்னார், நானும் சொன்னேன். அம்மாவுக்கு ஏறவில்லை. "நான்தான வாயால சொன்னேன்" என்பாள். அதோடு வாயை மூடிக்கொள்வாள். நம் அம்மா, அக்கா! தண்ணி லாரிக்காரனையே கண்ணீர் விட வைத்த வாய். அந்த வாய் இப்போது சாப்பாடு போடுவதற்கு மட்டும்தான் திறக்கிறது. அவள் என்னைத் திட்டுவதுகூட இல்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்.

வண்டி கண்ணில் படாமல் இருந்தால் சரியாகிவிடும் என்று அம்மா முடிவு செய்தாள். விற்பது என்று பேச்சு. பங்காருப்பேட்டையிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். வந்ததும் டயரை எட்டி உதைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா டீ போட உள்ளே போன நேரம் பார்த்து அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணா, சொல்லாம உட்டா பாவம். சாயங்காலம் ஆனா இது தானா ஹாரன் அடிக்கும்."

"இன்னா பாப்பா, வயரிங் பிராப்ளமா?"

"பேட்டரிய கழட்டி உள்ள வெச்சுட்டோம்ணா. அப்பவும் அடிக்குது."

உதைத்த காலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ பேய்க்கு எவ்ளோ கொறப்பீங்க?" என்றார்.

திரும்பினால் அம்மா. கையில் டம்ளர். அடிப்பாள் என்று தலையைக் குனிந்தேன். "அவள வெச்சு வெளயாடாத" என்றாள், அவ்வளவுதான். அடித்திருக்கலாம்.

அவர் போனதும் நான் அம்மா பின்னாலேயே சுற்றினேன். "எனக்குக் குடும்மா. லைசென்ஸ்தான் வந்துட்ச்சே. நான் ஓட்றேன்."

"நீயா? ஈரத் துணியோட எட போட்டாகூட நீ அதுல கால்வாசி வரமாட்ட. கீழ உழுந்தா தூக்குவியா?"

"தூக்குவேன்" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை!

"அந்தாளு ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு வந்து எடுத்துனு போறாரு. ஆய்த்து."

ஆய்த்து என்று அம்மா கன்னடத்தில் முடித்தால் அதற்குமேல் அப்பீல் கிடையாது, உனக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஷிஃப்டுக்குப் போயிருந்தார். மத்தியானம் அம்மா படுத்திருந்தாள். வண்டியின் பக்கப் பெட்டியைக் காலி செய்துவைக்கச் சொல்லியிருந்தாள். திறந்தால் ஒரு மழைக்கோட்டு, ஒரு ஜோடி கையுறை, அதற்கடியில் காது உடைந்த தோசைக்கல். நம் வீட்டுத் தோசைக்கல்! அம்மா ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுத் தேடியது. இதை வைத்துக்கொண்டு நீ எந்த ஊரில், யாருக்கு தோசை சுட்டாய் அக்கா? உன் பைத்தியத்தில் இதுவும் ஒன்று என்று அதை வாசற்படியில் போட்டேன். சாவியைப் பார்த்தேன். மணியைப் பார்த்தேன். கால் ஆடியது. அதைக் கொடுக்கிறதற்கு முன்னால் ஒரே ஒரு ரவுண்டு.

தெரு முனைவரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்தேன். நேராகப் பின்பக்கம், சைனைடு மேட்டுக்கு. சுரங்கத்துக் கல்லை மாவாக அரைத்து, சைனைடு போட்டுத் தங்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டிவிட்டுப் போன வெள்ளை மண்மேடு, நம் ஊர்ப் பிள்ளைகளின் டிரைவிங் ஸ்கூல். முதல் கியரைவிட்டு நான் மாறவே இல்லை, சத்தியம். ஆனால் போனது. எருமை நான் சொன்ன பக்கம் போனது. நான் கத்தினேன், ஹெல்மெட்டுக்குள் என் சத்தமே எனக்கு உன் சத்தம் மாதிரி கேட்டது.

நிறுத்தினேன், சைடு ஸ்டாண்டு போட்டேன், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு பெரிய ஆள் மாதிரி நாலடி நடந்தேன். ஒரு படம் எடுக்கலாம் என்று போனை நீட்டினால் திரையில் எருமை லேசாகச் சாய்ந்திருந்தது. போனைத்தான் கோணலாகப் பிடித்திருக்கிறேன் என்று நேராக்கினேன். இன்னும் சாய்ந்தது. மறுபடியும் நேராக்கினேன். சைடு ஸ்டாண்டு அந்த மாவு மண்ணுக்குள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது அக்கா. நான் ஓடுவதற்குள் எருமை அவசரமே இல்லாமல் இடது பக்கம் படுத்துவிட்டது.

தோசைக்கல் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. மண்ணில் நிறுத்தும்போது ஸ்டாண்டுக்கு அடியில் வைப்பாய். அதை நான் வாசற்படியில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஹேண்டிலைப் பிடித்து இழுத்தேன். நான்தான் நீண்டேன், வண்டி அசையவில்லை. கோரமண்டல் ஸ்டேஷன் வாசலில் நீ ஒருமுறை கீழே போட்டாயே, ஞாபகம் வந்தது. நாலு பேர் ஓடிவந்தார்கள். "யாரும் தொடாதீங்க" என்று கையைக் காட்டிவிட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை ஒட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில், ஒரு கையால் பின் கம்பி, காலால் தரையைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே நடந்தாய். வண்டி எழுந்தது. நான் என்ன செய்தேன்? விசிலடித்தேன். வீட்டுக்கு வந்து உன்னைப் போல் குந்தி நடந்து காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அந்தக் கிண்டல்தான் இப்போது எனக்குப் பாடம். கிண்டலில் செய்த மாதிரியே குந்தினேன், முதுகை ஒட்டினேன், தள்ளினேன். தூக்குவது கையே இல்லை, தொடைதான் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். எழுந்தது! எழுந்த சந்தோஷத்தில் இன்னொரு தள்ளு தள்ளிவிட்டேன். அந்தப் பக்கம் விழுந்தது.

இரண்டு. எண்ணிக்கொள்.

வலது கண்ணாடி உடைந்துவிட்டது, மன்னித்துவிடு. வலது பக்கம் விழுந்ததில் ஒரு லாபம், சைடு ஸ்டாண்டை முன்னாடியே விரித்து வைக்கலாம். விரித்தேன், குந்தினேன், பல்லைக் கடித்தேன். இந்த முறை சரியாக எழுந்து ஸ்டாண்டின்மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்து, மறுபடியும் மண்ணுக்குள் இறங்க ஆரம்பித்தது. நான் இந்தப் பக்கம் நின்று இழுத்துப் பிடித்தேன். விட்டால் படுத்துவிடும், விடாமல் நின்றால் நான் படுத்துவிடுவேன். கண்ணில் வெள்ளை மண்.

அப்போதுதான் டயர் தடத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா வந்தாள். நைட்டி, மேலே துண்டு, கையில் தோசைக்கல். என் மண்டையில் போடத்தான் எடுத்துவந்தாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

"இன்னாடி பண்ற?"

"எழுப்பினுகீறேன்."

"உட்டுத் தொல. கால்ல உழுந்துடப் போவுது."

"உட்டா படுத்துடும்மா."

அம்மா எருமையைப் பார்த்தாள். நீ போனபிறகு அதை நேராகப் பார்த்தது அன்றுதான். டேங்கெல்லாம் வெள்ளை, உடைந்த கண்ணாடி.

"எத்தினி வாட்டி உழுந்துது?"

"ரெண்டு."

"தூக்கினது?"

"நான்தான்."

"எப்படி?"

"அக்கா மாதிரி."

அம்மா எதிர்ப்பக்கம் வந்து குந்தினாள். ஸ்டாண்டு புதைவதைப் பார்த்தாள், கையிலிருந்த தோசைக்கல்லைப் பார்த்தாள். எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது, அம்மாவுக்கு அரை நொடி. "இஸ்துப் புடிடி" என்றாள். உயிரைக் கொடுத்து இழுத்தேன். கல்லை அடியில் தள்ளினாள். எருமை நின்றது.

குந்தியபடியே அம்மா ஆரம்பித்தாள். "திருட்டுக் கழுத! ஒரு வார்த்த கேட்டாளா பாரு! எந்தெந்தத் தெருவெல்லாம் தேடினேன், பக்கத்து ஊட்டுக்காரிகிட்ட சண்டகூடப் போட்டேனே! கேட்டா குடுத்திருக்க மாட்டேனா? எருமையாம் எருமை, எருமைக்கு மெத்த போட என் தோசக்கல்லா கெடச்சுது ஒனக்கு?" விடாமல் திட்டினாள். அழுதுகொண்டே திட்டினாள். உன்னைத்தான் அக்கா. நீ போனதிலிருந்து உன்னை ஒரு சொல் சொல்ல நடுங்கிக்கொண்டிருந்த வாய். உனக்குக் கேட்டிருக்குமா? கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகத் திட்டினாளோ?

நடுவில் போன் அடித்தது. பங்காருப்பேட்டை அண்ணன் வாசலில் நிற்கிறார். அம்மா மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"வண்டியா? வெளிய போயிருக்குங்க... யாரு ஓட்டினு போனாங்களா? எம்பொண்ணுதான்... எப்ப வருவான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? இல்லீங்க. குடுக்கலீங்க."

நம் தாத்தாவின் மணிக்கணக்கு உனக்கு மறந்திருக்காது. சுரங்கத்தில் ஆளை இறக்குகிற கேஜுக்கு அவர் மணி அடித்தவர். ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் இறக்கு, மூன்று என்றால் கேஜில் ஆள் ஏறியாச்சு, பார்த்துப் போ. நம் வீட்டில் கக்கூஸ் கதவைத் தட்டுவதுகூட அந்தக் கணக்குத்தான். உன் பின்னால் உட்கார்ந்து போண்டாக் கடை வரும்போதெல்லாம் நான் உன் தோளில் ஒன்று தட்டுவேன், நீ பிரேக் போட்டுவிட்டுத் திட்டுவாய்.

வீட்டுக்குத் தள்ளிக்கொண்டே போய்விடலாம் என்று நான் கிளம்பினேன். அம்மா என் கையிலிருந்து உன் ஹெல்மெட்டை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். என்னை முன்னால் ஏறி உட்காரச் சொல்லிவிட்டு நைட்டியைத் தூக்கிச் செருகினாள். புடவையோடு அந்த மாட்டின்மேல் ஏறவே மாட்டேன் என்று நீ கூப்பிட்டபோதெல்லாம் சொன்னவள், என் தோளைப் பிடித்து, இரண்டு பக்கமும் காலைப் போட்டு ஏறினாள். தோசைக்கல்லை எனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள், அது என் முதுகில் குத்தியது. உட்கார்ந்தாள், அசைந்து சரிசெய்துகொண்டாள்.

பிறகு என் தோளில் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

முதல் கியரில்தான் போனோம், நம் வீட்டு வாசல்வரை. நீ அம்மாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போன பேத்தமங்களா ஏரிக்கு இன்னும் கை பழகவேண்டும். கண்ணாடி புதிதாகப் போடவேண்டும், அம்மாவுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கவேண்டும், உன்னுடையதை அவள் திருப்பித் தரமாட்டேன் என்கிறாள். கால் இன்னும் ஆடத்தான் செய்கிறது அக்கா. இப்போது அதற்கு ஒரு கியர் இருக்கிறது.

எருமை இனி விழாது என்று உனக்கு வாக்குக் கொடுக்கமாட்டேன், என்னை உனக்குத் தெரியும். விழும். ஆனால் கிடக்காது. அதற்கு நான் பொறுப்பு. ஏரிக்கரையில் தோசைக்கல்லை அடியில் போட்டு நிறுத்திவிட்டு அம்மாவை இறக்கிவிடுவேன், அவள் அங்கேயும் உன்னைத் திட்டுவாள். காதைத் திறந்து வைத்துக்கொள்.

உன் முதுகுக்குப் பின்னாலேயே வளர்ந்த,
உன் கூடப்பிறந்த வாலு,
நித்யா