வெள்ளைக் கஞ்சியும் மரத்த கால்களும்

ஆகஸ்ட் 4, 2008, திங்கள்

காலை எடை 101 கிலோ. ஆபரேஷன் ஆகி ஒன்பது வாரம். முப்பத்தொரு கிலோ போயிருக்கிறது. புழுக்கம் தாங்கவில்லை, ஆடிக் காற்று எங்கே போனதோ.

யாரிடம் என்ன சொன்னேன் என்று எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் மாட்டிக்கொள்வேன்.

அலுவலகம்: பித்தப்பையில் கல்.
மாடி வீட்டுக்காரர்: குடலிறக்கம்.
ருக்மணி அக்கா: வயிற்றுப்புண்.
உண்மை: உடம்பு இளைக்க, சென்னையில் போய் இரைப்பையை ஒரு முட்டை அளவுக்குச் சுருக்கிக் குடலைத் திருப்பித் தைத்துக்கொண்டேன். தெரிந்தவள் கலா மட்டும். மனைவியிடம் மறைக்க முடியாது, படிவத்தில் கையெழுத்துப் போட்டவளே அவள்தான்.

அக்காவிடம் எப்படிச் சொல்ல? அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டு ஆளாக்கியவள். "என் சோத்தக் கொற சொல்லியா வயித்த அறுத்துக்கிட்ட?" என்று ஒரு கேள்வி கேட்டால் நான் காலி.

என்னைப் பார்த்துக்கொள்ளக் குரும்பகரத்திலிருந்து வந்து ஆறு வாரம் ஆகிறது. போகிற மாதிரித் தெரியவில்லை. இன்று மில்லிலிருந்து அடுத்த மூட்டை பச்சரிசி இறங்கியது. சொந்த வயல் நெல்.

"ரெண்டு வாட்டி தீட்டச் சொன்னேன் தம்பி. ஒரு பொட்டுத் தவிடு இருக்காது. புண்ணு வயித்துக்குத் தவிடு ஆவாது."

அரிசி மல்லிகைப்பூ மாதிரிதான் இருந்தது. மூன்று வேளையும் அதில் கஞ்சி. பருப்பு, முட்டை, மீன் எல்லாம் பத்தியத்தில் தள்ளுபடி. அந்தக் கஞ்சியும் பாதி வாந்தி.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று மானம் போனது. பேருந்து நிறுத்தத்திலிருந்து அலுவலகம் வரை ஒற்றைச் செருப்போடு நடந்திருக்கிறேன். இடது கால் செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை. தார் ரோடு, பதினொரு மணி வெயில், கால் சுடவும் இல்லை.

டெஸ்பாட்ச் கிளார்க் சிரித்தார். "சார், ஒடம்புதான் பாதியாச்சு. செருப்புமா பாதி?"

நானும் சிரித்தேன். பிறகு மேசைக்கடியில் குண்டூசியால் பாதத்தைக் குத்திப் பார்த்தேன். வேறு யாருடைய காலையோ குத்துவது போல இருந்தது.

சத்து மாத்திரை விஷயம். சென்னை டாக்டர் தாளில் எழுதியது: ஆயுள் முழுக்க, தினம் இரண்டு. அக்கா வந்த நாள் முதல் தொடவில்லை. டப்பாவில் ஒரு குண்டு ஆளும் பக்கத்தில் ஒல்லி ஆளுமாகப் படம் போட்டிருக்கிறான். அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது, படம் தெரியும். டப்பா, தாள் இரண்டும் பீரோவில், பழைய ரேஷன் கார்டுக்கு அடியில். கலா நான் அலுவலகத்தில் வைத்துச் சாப்பிடுகிறேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் ஒரு பொய்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. முழங்காலுக்குக் கீழே தீயாக எரிகிறது, தொட்டால் உணர்ச்சி இல்லை. இரண்டும் ஒரே காலில் எப்படி என்று புரியவில்லை. நாற்காலியில் கை ஊன்றித்தான் எழ முடிகிறது. சட்டைப் பொத்தான் போட ஐந்து நிமிடம்.

வாந்தி நான்கு முறை. எடை 98. ஆசைப்பட்ட இரண்டு இலக்கம் வந்துவிட்டது. சந்தோஷமே இல்லை.

அக்கா வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். "சூடு பொறுக்குதா தம்பி?" பொறுக்குது என்றேன். அவள் கை என் காலில் இருப்பதே கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. பயமாக இருக்கிறது. இதை வேறு எங்கே சொல்ல.

கலா கூடத்தில் மெதுவாக, "சென்னைக்கு போன் பண்ணுவோங்க," என்றாள். அக்கா ஊருக்குப் போகட்டும் என்றேன்.

ஆகஸ்ட் 13, புதன்

தருமபுரம் கிளினிக். அக்காவும் கூட வந்தாள், வேண்டாமென்று சொன்னால் கேட்கிற ஆளா.

டாக்டர் என் வயிற்றில் இருந்த ஐந்து சிறு தழும்பையும் பார்த்தார். "என்ன ஆபரேஷன்?"

"பித்தப்பைக் கல்லு சார்." அலுவலகப் பொய் வாயில் வந்துவிட்டது.

"வயித்துப்புண்ணுன்னுல்ல சொன்ன?" என்றாள் அக்கா.

"ரெண்டுந்தான்க்கா."

டாக்டர் என்னையே பார்த்தார். அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அசதியா இருக்கு சார், ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க," என்று நானே கேட்டேன். இந்த ஊரில் எதற்கும் அதுதானே மருந்து. ஏற்றினார். வரும்போது கொஞ்சம் தெம்பு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. புதுச்சேரி, ஆஸ்பத்திரி.

மூன்று நாள் விட்டுப்போயிற்று. பேனாவை முழுக் கையால் பிடித்து எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி எழுத்து.

கலா சொன்னதை வைத்து: வியாழன் காலை குளியலறையில் விழுந்தேன். எழுப்ப வந்தபோது "ஏன் ரெண்டு பேரா வர்றே?" என்று கேட்டேனாம். கால் இரண்டும் துணி மாதிரித் துவண்டு கிடந்ததாம். வேன் பிடித்து இங்கே. வழியெல்லாம் அக்கா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு மாரியம்மனைக் கூப்பிட்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் சுதந்திர தினக் கொடியேற்றிவிட்டு நேரே வார்டுக்கு வந்தார், சட்டையில் இன்னும் குத்தியிருந்த சின்னக் கொடியோடு. அதுவும் எனக்கு இரண்டாகத் தெரிந்தது. என்ன ஆபரேஷன் என்று அவரும் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கலா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சென்னை, முட்டையளவு இரைப்பை, எல்லாம். அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சாப்பிட்டாரு?"

"நாந்தான் சார் கஞ்சி குடுத்தேன். நல்லா தீட்டின அரிசி. ரெண்டு மாசமா."

"தவிட்டுல இருக்கிற சத்தும்மா அது. வைட்டமின் பி ஒன்னும்பாங்க. இந்த ஆபரேஷன் பண்ணுனவங்க வாந்தி எடுத்தா சீக்கிரம் தீர்ந்துடும். வெறும் குளுக்கோஸ் ஏத்துனா மிச்சம் இருந்ததும் போயிடும். ஆபரேஷன் பத்தித் தெரிஞ்சிருந்தா அந்த கிளினிக்லயே முதல்ல இந்த ஊசியப் போட்டிருப்பாங்க."

அன்றே ஊசி போட ஆரம்பித்தார்கள்.  அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 20, புதன்

கண் சரியாகிவிட்டது. ஒரு கலா, ஒரு அக்கா, ஒரு மின்விசிறி. வாந்தி நின்றது. கால் அப்படியே. டாக்டர் ரப்பர் சுத்தியால் முட்டியைத் தட்டினார், காலில் ஓர் அசைவும் இல்லை.

"நடப்பேனா சார்?"

"மாசக்கணக்கா ஆகும். முழுசா வரும்னு என்னால சொல்ல முடியாது."

நாற்பத்திரண்டு வயது. நடக்கும்போது மூச்சு வாங்குகிறதே, ஊர் சிரிக்கிறதே என்றுதான் கத்தியின் கீழ் படுத்தேன். இப்போது மூச்சு வாங்கவில்லை.

வராந்தாவில் அக்கா கலாவிடம் பேசியது கேட்டது. "மில்லுக்காரன் ஒரு தடவ போதும்னான் கலா. நாந்தான் இன்னொரு தடவ போடுன்னேன்."

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று சொல்லிவிட்டேன்.

"அக்கா, உன் கஞ்சியால இல்ல. சத்து மாத்திரை குடுத்திருந்தாங்க. உனக்குத் தெரிஞ்சிடும்னு பீரோவுல ஒளிச்சு வச்சுட்டேன். நீ வந்ததுலேருந்து ஒண்ணுகூட திங்கல. தின்னிருந்தா இவ்வளவு ஆயிருக்காது."

கலா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத வரவில்லை. அவளுக்கும் இப்போதுதான் தெரியும்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நான் மனசு ஒடஞ்சு போவேன்னு சொல்றே."

"சத்தியமா அக்கா."

"வயித்துப்புண்ணுன்னு சொன்ன வாயிதானே தம்பி இது."

மாடி வீட்டுக்காரருக்கு போன் போட்டு பீரோவைத் திறந்து பார்க்கச் சொல்லட்டுமா என்றாள் கலா. அக்கா வேண்டாமென்று தலையாட்டினாள். "நீயும் அவன் பக்கந்தான் பேசுவே."

மத்தியானம் சாப்பாடு வந்தது. பருப்பும் மசித்த முட்டையும். ஸ்பூன் என் விரலில் நிற்கவில்லை, இரண்டு தடவை போர்வையில் விழுந்தது. நேற்று வரை அக்காதான் ஊட்டினாள். இன்று எழுந்து வாசல்வரை போய் நர்ஸைக் கூப்பிட்டாள்.

"நீங்களே ஊட்டி விடுங்கம்மா. என் கை வேணாம்."