வெட்டு மேசை

பெப். 10, செவ்வாய்

மைனஸ் பதினெட்டு. கார் ஸ்ரார்ட் ஆகப் பத்து நிமிஷம். 401 நெடுஞ்சாலையில் லொறி ஒன்று பிரண்டு கிடந்தது. அரை மணித்தியாலம் பிந்திப் போய்ச் சேர்ந்தேன். புது வேலை, முதல் நாளே பிந்தல்.

ரொறன்ரோ நடுவில் பழைய தொழிற்சாலை ஒன்று. இப்போது கண்காட்சி மண்டபம். வேலை தந்தவள் அபிரா, இங்கேயே பிறந்த எங்கட தமிழ்ப் பிள்ளை. தலைமயிர் பாதி நீலம். மரியாதையான பிள்ளை.

ஒன்லைனில் வாங்கி, பிடிக்காமல் திருப்பி அனுப்பும் உடுப்புகளுக்கு என்ன நடக்கிறது? அதுதான் அவளுடைய கண்காட்சி. எல்லாம் திரும்ப விலைக்குப் போவதில்லை. ஒருவரும் எடுத்துப் போடக்கூடாதென்று சிலவற்றை வெட்டித்தான் எறிவார்கள். பிறம்ரன் வெயர்ஹவுஸில் ஆறு வருஷம் நான் செய்தது அந்த வேலை. அதை அறிந்துதான் என்னைக் கூப்பிட்டாள்.

கூரையிலிருந்து தங்கூசி நைலோன் நூலில் தொங்குகின்றன. ஜக்கெற், சேட், கவுன். எல்லாம் வெயர்ஹவுஸ்களில் வெட்டுப்பட்டவை. ஆள் உயரத்தில். உள்ளே ஆளில்லை, தோள் மட்டும் இருக்கிறது.

மனைவி ஜெயாவுக்குச் சொன்னது: செக்கியூரிட்டி வேலை. பிறம்ரனில் செய்தது பெட்டி அடுக்கும் பக்கிங் வேலை என்றுதான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். மாதாமாதம் சனத்திடம் பழைய உடுப்புச் சேர்த்து, தோய்த்து, அயர்ன் பண்ணிக் கிளிநொச்சிக்குப் பெட்டி போடுகிற மனுசி. அவளிடம் இதை எந்த வாயால் சொல்வது?

வரும்போது வாங்க வேண்டியவை: பால், உப்பு (படியில் பனி உருக), ரேப் (பெட்டி ஒட்ட).

பெப். 12, வியாழன்

உறைபனி மழை. முழங்கால் நோ.

திறப்பு நாளில் மண்டபத்தின் நடுவில் மேசை போட்டு நான் இருந்து வெட்ட வேண்டுமாம். "அங்கிள், நீங்கள் அங்கை செய்த மாதிரியே சும்மா கட் பண்ணினாக் காணும். ஒருத்தரும் உங்களோட கதைக்க மாட்டினம்."

செய்து காட்டச் சொன்னாள். புதுச் சேட் ஒன்று தந்தாள். தோளிலிருந்து இடுப்புக்கு ஒரு கீறல். கைக்கு ஒன்று, மற்றக் கைக்கு ஒன்று. பிரட்டி முதுகில் ஒன்று. தொட்டிக்குள் எறி. வேலை விட்டு எட்டு மாதம். கை ஒன்றையும் மறக்கவில்லை.

அபிரா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு, "அங்கிள், நீங்க அதைப் பாக்கவேயில்லை."

உண்மை. யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் கை சுணங்கும். அங்கே முதல் நாளே சொல்லித் தந்தது அதைத்தான்: சாமானைப் பார்க்காதே.

பெப். 16, திங்கள்

குடும்ப நாள் லீவு. வெயில், ஆனால் பொய் வெயில்.

பேஸ்மென்ரில் ஜெயா பெட்டி அடுக்கினாள். எனக்கு ரேப் ஒட்டும் வேலை. ரேப் வெட்டப் பிளேட்டை எடுத்தேன். அவள் எதையோ கதைத்துக்கொண்டிருந்தாள், நான் சுவரைப் பார்த்தபடி ஓம் ஓம் என்றேன். குனிந்து பார்த்தால், குவியலில் மேலே கிடந்த சின்னக் கவுனின் தோளில் பிளேட் நிற்கிறது. என் கைதான். நான் வைக்கவில்லை.

பிளேட்டை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு ரேப்பைப் பல்லால் கடித்தேன்.

"பல்லுப் போகப்போகுது உங்களுக்கு. பிறகு ஆர் காசு குடுக்கிறது?" சிரித்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். பயந்தாங்கொள்ளி நான்.

பெப். 19, வியாழன்

தொங்கவிடும் வேலை முடிந்தது. ஃபான் எல்லாம் நிறுத்தி, கதவும் பூட்டி. மேசையில் போய் இருந்தேன். உடுப்புகள் மெதுவாகத் திரும்பின. ஒன்று இரண்டல்ல, எல்லாம். என் பக்கம் முன்புறம் வந்ததும் நின்றன.

"ஹீற்றர் காத்து, அங்கிள்."

இருக்கலாம். ஆனால் சிலவற்றின் வெட்டு என்னுடையது. நான் இடக்கையன், என் கீறல் மற்றவர்களுடையதற்கு எதிர்ப்பக்கம் சரியும். எண்ணத் தொடங்கினேன். ஒரு குழந்தையின் பனி உடுப்பு வந்ததும் விட்டுவிட்டேன்.

இதற்குள் இன்னொரு சனியன். பார்க்கிங் விஷயமாக அபிரா எங்கள் வீட்டுக்கு ஃபோன் எடுத்திருக்கிறாள். ஜெயா கதைத்திருக்கிறாள். "அன்ரி, அங்கிள்தான் மெயின். கட்டாயம் வாங்கோ."

ஜெயாவுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம், புளுகம். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை நீங்கள்! கோயில் ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாறன்."

சனிக்கிழமை காரில் சொல்வது என்று முடிவு.
1. பக்கிங் இல்லை.
2. வெட்டினது புது உடுப்பு. லேபலோடு.
3. ஏன் ஆறு வருஷம் மறைத்தேன்.


பெப். 21, சனி

விடியவே பனி கொட்டியது. ஜெயா என்னோடு வரவில்லை. வடை சுட வேண்டுமாம், அஜக்ஸ் நகரிலிருந்து கோயில் ஆக்களின் வான் வண்டியில் பிறகு வருகிறாளாம். சொல்ல முடியவில்லை.

இரண்டு மணிக்குக் கதவு திறந்தார்கள். மேசையில் இடப்பக்கம் அபிரா அடுக்கித் தந்த குவியல். வெட்டத் தொடங்கினேன், கண் யன்னலில். வெள்ளைக்காரச் சனம் சுற்றி நின்றது. பிளேட் துணியில் போகும் சத்தம் மட்டும்.

பிறகு எங்கட ஆட்களின் குரல்.

"ஜக்கெற் எங்கை வைக்கிறது?"

"உந்த மேசையில போடுங்கோவன். எல்லாரும் போட்டுத்தானே கிடக்கு."

பிறந்தநாள் வீட்டில் கட்டிலில் குவிப்பதுபோல, கழற்றிக் கழற்றிக் குவியலின்மேல் போட்டார்கள். காதில் விழுந்தது. விளங்கியது. நிறுத்து என்று எனக்கு நானே சொன்னேன்.

கைக்கு வந்தது சூடாக இருந்தது. தோளிலிருந்து இடுப்புக்கு ஒன்று. கை இரண்டு. பிரட்டி முதுகு. வெள்ளைப் பஞ்சு மேசையெல்லாம். யாரோ கைதட்டினார்கள்.

முன்னால் ஜெயா. சீலையோடு, வெறுங்கையைக் கட்டிக்கொண்டு. தன் ஜக்கெற்றை எடுத்து விரித்துப் பார்த்தாள். பிறகு மேலே தொங்குகிறவற்றை, ஒவ்வொன்றாக.

"உதுவோ பிறம்ரன் வேலை?"

"ஓம்."

"எத்தினை?"

வாய் திறந்தேன். அதற்குள் கை அடுத்ததை எடுத்துவிட்டது. அதுவும் சூடாக இருந்தது.