வித்துரா சந்திப்பில் உங்கள் முகம்

நகரத்தில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதலில் நாற்றம்தான் வந்தது. வெயிலில் காய்கிற புது ஃப்ளெக்ஸின் நாற்றம். நிமிர்ந்து பார்த்தேன். வித்துரா சந்திப்பில், மருந்துக்கடைக்கு மேலே, வேட்பாளரின் கூப்பிய கைகளுக்குக் கீழே நீங்கள் இருந்தீர்கள். 'நம்மை நடத்திச் சென்றவர்கள்' என்று மலையாளத்தில் எழுதி, இறந்துபோன ஐந்து பேரின் படங்கள். நான்காவது நீங்கள். நம் ஐம்பதாவது திருமண நாள் படத்திலிருந்து வெட்டியிருக்கிறார்கள். என்னை நீக்கியவர்கள் அதையும் சரியாகச் செய்யவில்லை. உங்கள் தோளருகே என் பச்சைப் பட்டின் கரை ஒரு விரல் அகலம் மிச்சமிருக்கிறது.

நீங்கள் யாரை நடத்திச் சென்றீர்கள்? எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்து, ஐந்து மணிக்குக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்.

இந்த ஊரில் ஓட்டு ரகசியமே இல்லை. எந்தத் தொழிலாளர் லயம் எந்தச் சின்னம், எந்தத் தெரு எந்தப் பக்கம், அண்ணன் தம்பி பாகம் பிரிந்தால் எந்த அடுப்பு எந்தக் கட்சிக்குப் போகும் என்பதுவரை இரு பக்கத்தாரும் வாக்காளர் பட்டியலில் வீடு வீடாகக் குறித்து வைத்திருப்பார்கள். உங்கள் பெயருக்கு நேரே மட்டும் இரண்டு பட்டியலிலும் கேள்விக்குறி. காலையில் ஒரு கட்சியின் பத்திரிகை வாங்கும் கடையில் டீ, மாலையில் மறுகட்சிப் பத்திரிகை வாங்கும் எதிர்க்கடையில் டீ. எஸ்டேட் லயத்தில் பிறந்து பூத் ஏஜெண்டாக வளர்ந்த செல்லப்பன், ஒருமுறை நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கெஞ்சினான்.

"சாரே, இந்தத் தடவையாவது ஒரு வாக்கு சொல்லுங்க. மேல உள்ளவனுவ திட்டுறானுவ, ஒரு வீட்டைக்கூட உனக்குப் பிடி கிடைக்கலியான்னு."

"கிடைக்கலைன்னே எழுது," என்றீர்கள். "சர்க்காரே மறைச்சுப் போடச் சொல்லுது. உனக்கு மட்டும் என்னத்துக்குத் திறந்து காட்டணும்? முறுக்கு எடுத்துக்கோ."

"டீச்சரே, நீங்களாவது சொல்லப்பிடாதா?"

நான் சிரித்தேன். எனக்கும் தெரியாது என்று அவனிடம் சொல்ல மனம் வரவில்லை. அது என் மானம். ஒரு தேர்தலன்று மை விரல்களோடு இருவரும் திரும்பி வரும்போது கேட்டிருந்தேன். "உன் ஓட்டை நான் கேட்டேனா?" என்றீர்கள். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். ஒரு விஷயத்தை இரண்டாம் முறை கேட்கும் பழக்கம் இல்லை. ஆனால் கட்டிய மனைவியை நம்பாத மனிதர் என்ற கோபம் போகவே இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது செல்லப்பன் மடித்த கொடியோடு வந்தான். "டீச்சரே, சாருக்கு ஒரு மரியாதை," என்றான். தலையசைத்தேன். மகள் மஸ்கட்டிலிருந்து வந்து சேர்ந்திருக்கவில்லை. யார் எதைக் கேட்டாலும் தலையசைத்துக்கொண்டிருந்தேன். இது காரணம்தான், சாக்கு இல்லை. உங்கள்மேல் போர்த்திய கட்சிக்கொடியைப் பார்த்த மறுகட்சிக்காரர்கள் வாசலிலேயே மலர்வளையத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அதன்பின் எந்தக் கட்சிக்காரனும் ஓட்டுக் கேட்டு நம் படி ஏறவில்லை. ஒருவனுக்கு நிச்சயம் வந்துவிட்டது, மற்றவனுக்கு நம்பிக்கை போய்விட்டது. உயிரோடிருக்கிற என்னையும் உங்களோடு சேர்த்து முடித்துவிட்டார்கள்.

ஃப்ளெக்ஸைப் பார்த்த கையோடு கட்சி ஆபீசுக்குப் போனேன்.

"செல்லப்பா, அந்தப் படத்தை இறக்கு."

"டீச்சரே, முதல்ல இருங்க. ஒரு கசேர கொண்டாங்கடே."

"எனக்கு நிக்கத் தெரியும். இறக்கு."

"கொடி போர்த்தும்போ நீங்க சம்மதிச்சதுதானே?"

"சம்மதிச்சது நான். அவர் இல்லை."

"அப்படின்னா சாரு யாருக்குப் போட்டாருன்னு சொல்லுங்க. நமக்கு இல்லைன்னா, இப்பமே நானே ஏணி வச்சு ஏறுதேன்."

அறையில் எட்டு ஆண்கள். மேசைமேல் பாதி பிரித்த பரோட்டாப் பொட்டலம். 'மறுகட்சிக்கு' என்று ஒரு பொய் சொன்னால் போதும். ஆனால் அது உங்களை இன்னொரு கொடிக்குள் சுற்றிக் கொடுப்பதுதானே?

"தெரியாது," என்றேன். "அம்பத்தொரு வருஷம் ஒரே வீட்டில இருந்தேன். எனக்கே தெரியாது. உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

"கெட்டுன பெஞ்சாதிக்குமா தெரியாது?" என்று ஒருவன் சிரித்தான். செல்லப்பன் சிரிக்கவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தேன். படத்தை இறக்கவில்லை; உங்கள் முகத்தின்மேல் அவர்கள் சின்னத்தை ஒட்டியிருந்தான்.

'தெரியாது' என்ற அந்த ஒரு வார்த்தையை எட்டு பேர் முன்னால் என்னைச் சொல்ல வைத்துவிட்டீர்களே என்று, அன்று ஆபீசிலிருந்து வீடு வரும் வழியெல்லாம் உங்கள்மேல் கொதித்துக்கொண்டு வந்தேன். கதவைத் திறக்கும்போதுதான் உறைத்தது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். அவர்கள் வாயை அடைக்க, ஜெயிக்க, உங்கள் ஓட்டை எடுத்து அந்தப் பரோட்டாப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் போட்டிருப்பேன். நீங்கள் நம்பாதது என்னை இல்லை, என் நாக்கை. அவ்வளவு துல்லியமாக என்னை அறிந்து வைத்துக்கொண்டு ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றே சண்டை போட்டு முடித்திருப்பேன். இப்போது அந்தச் சண்டையை நான் ஒருத்தியே வைத்துக்கொண்டிருக்கிறேன்.